பாட்டு சொல்லாததைச் சொன்ன கைகள்

ஒரு பாடலின் பொருளைக் கை, கண், முகம், உடல்நிலை ஆகியவற்றால் அவையோருக்குப் புலப்படுத்தும் கலை அபிநயம் எனப்படும். பழந்தமிழ் உரையாசிரியர்கள் இதனை அவிநயம் என்று எழுதினர். பரத முனிவர் பெயரால் வழங்கும் வடமொழி நாட்டிய சாத்திரம் இதனை நான்காகப் பகுக்கிறது: உறுப்புகளின் அசைவால் நிகழ்வது ஆங்கிகம், சொல்லாலும் குரலாலும் நிகழ்வது வாசிகம், உடை, அணி, ஒப்பனை ஆகியவற்றால் நிகழ்வது ஆகாரியம், உள்ளத்தில் எழுந்த உணர்ச்சி கண்ணீராகவும் வியர்வையாகவும் மெய்சிலிர்ப்பாகவும் உடலில் வெளிப்படுவது சாத்துவிகம். இந்த நான்கில் பேச்சுக்குக் கிடைத்த இடம் ஒன்றுதான். எஞ்சிய மூன்றும் சொல்லின் துணையின்றி நிற்பவை. பாடலில் வரும் சொற்களுக்குக் கையால் படம் காட்டுவதே அபிநயம் என்ற எண்ணம் இன்று பரவலாக இருந்தாலும், தமிழகத்தில் இக்கலை வளர்ந்த வழியைத் தொடர்ந்து பார்த்தால், சொல் தன் எல்லையை எட்டிய இடத்திலேயே அது தன் முழு ஆற்றலைப் பெற்றது என்பதும், அந்த ஆற்றலை நூல்களைவிட ஆடிய பெண்களே காத்து வந்தனர் என்பதும் தெளிவாகும்.

தமிழில் இதற்கான சிந்தனை தொல்காப்பியத்திலேயே தொடங்கிவிடுகிறது. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்வு பிறர் கண்டு அறியும்படி உடலில் தோன்றுவதை மெய்ப்பாடு என்று கொண்டு, நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு வகைகளைச் சொல்வதோடு, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்களை நான்கு நான்காக வகுத்து முப்பத்திரண்டு ஆக்குகிறது. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்னும் நான்கினால் பிறக்கும். அழுகை இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினால் பிறக்கும். பிறரால் இகழப்பட்டவர் அழுவதும், உற்றாரையோ உடைமையையோ இழந்தவர் அழுவதும், முன்னைய நிலையிலிருந்து தாழ்ந்தவர் அழுவதும், இல்லாமையால் வாடியவர் அழுவதும் கண்ணீர் என்ற அளவில் ஒன்றே. காரணம் வேறாகும்போது கண்ணின் நோக்கும் தோளின் நிலையும் மூச்சின் நடையும் வேறாகின்றன. இவ்வியல் செய்யுளுக்காக வகுக்கப்பட்டதே. ஆயினும் ஒரே கண்ணீரில் நான்கு துயரங்களைப் பிரித்துக் காட்ட வேண்டிய ஆடல் மகளுக்கு இதைவிட நுட்பமான வழிகாட்டி கிடைப்பது அரிது.

ஆடற்கலையின் பயிற்சிமுறை முழுமையாகத் தெரியவருவது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில்தான். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறிய மாதவி, தலைக்கோல் என்னும் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெற்றாள் என்பதைப் பலரும் அறிவர். அரங்கின் அளவு ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அக்காதை வரையறுப்பதும், ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்களுக்கும் தனித்தனியே இலக்கணம் கூறுவதும் அக்காலக் கலைநிறுவனம் எவ்வளவு முதிர்ந்திருந்தது என்பதைக் காட்டும். ஆடலாசிரியனுக்குரிய தகுதிகளுள் ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது: பொருள் உணர்த்துவதற்காகப் பிடிக்கும் கையை ஆடலுக்குரிய கையோடும், ஆடலுக்குரிய கையைப் பொருள் உணர்த்தும் கையோடும் கலந்துவிடாமல் விலக்கத் தெரிந்தவனாக அவன் இருக்க வேண்டும். அழகுக்காக அசையும் கை வேறு, ஒன்றைச் சொல்வதற்காக அசையும் கை வேறு என்ற தெளிவு இளங்கோவடிகள் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது என்பதற்கு இது போதிய சான்று.

அந்தத் தெளிவை விரித்து உரைத்தவர் அடியார்க்குநல்லார். சிலப்பதிகாரத்துக்கு அவர் எழுதிய உரை கிடைத்திராவிட்டால் தமிழ்க் கூத்தைப் பற்றிப் பிற்காலத்தவர் அறிந்தது மிகவும் சுருங்கியிருக்கும். ஒரு கையால் பிடிக்கும் முத்திரை பிண்டி அல்லது இணையா வினைக்கை என்றும், இரு கைகளும் சேர்ந்து பிடிப்பது பிணையல் அல்லது இணைக்கை என்றும் சொல்லப்படும். முதலாவதில் முப்பத்து மூன்றையும் இரண்டாவதில் பதினைந்தையும் பெயர் சொல்லி, விரல்கள் நிற்கும் நிலையையும் அவர் விளக்குகிறார். பெருவிரல் மட்டும் மடங்க ஏனைய நான்கு விரல்களும் ஒட்டி நிமிர்ந்து நிற்பது பதாகை. அதிலேயே மோதிரவிரலும் மடங்கினால் திரிபதாகை. இக்கைகளைப் பயன் நோக்கி எழிற்கை, தொழிற்கை, பொருட்கை எனவும் பகுத்தனர்: அழகு தோன்றக் காட்டுவது எழிற்கை, தொழிலை உணர்த்துவது தொழிற்கை, பாட்டின் பொருளை உணர்த்துவது பொருட்கை.

கைகளின் இந்த வரிசையைக் காட்டிலும் வியப்பைத் தருவது அதே உரையில் வரும் இருபத்துநான்கு அவிநயங்களின் பட்டியல். வெகுண்டவன், ஐயமுற்றவன், சோம்பினவன், களித்தவன், அழுக்காறுடையவன், தெய்வமுற்றவன் ஆகியோரை எந்தக் கூத்துநூலிலும் எதிர்பார்க்கலாம். அவர்களோடு உறங்குபவனும், உறக்கம் கலைந்து எழுந்தவனும் தனித்தனியே வருகின்றனர். மழையில் அகப்பட்டவன், பனியில் அகப்பட்டவன், வெயிலில் அகப்பட்டவன் மூவரும் வெவ்வேறாக நிற்கின்றனர். கண்ணோய் கொண்டவன், தலைநோவு கொண்டவன், குளிர்ந்து நடுங்குபவன், வெப்பம் தாக்கியவன், நஞ்சுண்டவன், செத்தவன் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொருவருக்கும் முகம், கண், உடல் ஆகியவை எவ்வாறு அமைய வேண்டும் என்பதும் சொல்லப்படுகிறது. தலைநோவுடையவன் தன் நோவை வாய்விட்டுச் சொன்னால் கேட்பவர் அறிந்துகொள்வது ஒரு செய்தியை மட்டுமே. அந்த நோவு எத்தகையது என்பதை அச்செய்தி தருவதில்லை. சுருங்கிய கண்ணும், ஒளிக்கு விலகும் முகமும், அசைவுக்கு அஞ்சி நிலைத்த கழுத்தும் கண்டவனுக்கு அந்த நோவின் ஒரு கூற்றையேனும் தருகின்றன. பேச்சு எட்டாத இடம் உண்டு என்று கண்டு, அந்த இடத்தை அன்றாட உடலின் துன்பங்களிலிருந்தே தொகுத்துக் கற்பித்த ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் இருந்தனர் என்பதற்கு இப்பட்டியல் சாட்சி. தாம் உரை எழுதிய காலத்திலேயே பழைய நாடகத் தமிழ் நூல்கள் பல இறந்துபட்டன என்று அடியார்க்குநல்லார் குறிப்பதால், அவர் தந்திருப்பது பெரியதோர் அறிவுத்துறையின் எச்சமே என்று கொள்ள வேண்டும்.

நூல்கள் ஆசிரியர்களைப் பற்றியும் இலக்கணத்தைப் பற்றியும் பேசுகின்றன. ஆடியவர்கள் யார் என்பதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டு, சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 ஆடல் மகளிரின் பெயர்களையும் அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தனர் என்பதையும், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாம் வீட்டில் குடியேற்றப்பட்டனர் என்பதையும் ஒவ்வொருவராகப் பதிவு செய்கிறது. ஒருவருக்கு ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கிடைக்கும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. நட்டுவம் செய்வோருக்கும் பாடுவோருக்கும் கருவி இசைப்போருக்கும் தனிப் பங்குகள் இருந்தன. அதே கோயிலின் கருவறை மேல்தளச் சுற்றில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களுள் 81 செதுக்கப்பட்டு, எஞ்சியவற்றுக்கு உரிய கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. கரணம் என்பது கையும் காலும் உடலும் இயைந்த ஓர் ஆடலசைவு. சிற்பி அதன் ஒரு கணத்தைக் கல்லில் நிறுத்த முடிந்தது. ஒரு முகம் எதிர்பார்ப்பிலிருந்து ஏமாற்றத்துக்கு மாறும் இடைவெளியை அவரால் நிறுத்த முடியவில்லை. அபிநயத்தின் உயிர் அந்த இடைவெளியில் இருப்பதால், அது கல்லிலும் ஓலையிலும் தங்காமல், தாயிடமிருந்து மகளுக்கும் நட்டுவனாரிடமிருந்து மாணவிக்கும் உடல்வழியாக மட்டுமே சென்றது.

நாயக்கர், மராட்டியர் காலங்களில் இக்கலைக்கு ஏற்ற பாடல்வடிவம் ஒன்று முதிர்ந்தது. நாயகன், நாயகி, தோழி ஆகியோரின் மனநிலைகளைப் பொருளாகக் கொண்டு மெதுவான நடையில் அமையும் பதம் என்ற வடிவமே அது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை விசயராகவ நாயக்கரின் ஆதரவைப் பெற்ற க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களும், சீர்காழி முத்துத்தாண்டவர், பிற்காலத்துக் கனம் கிருஷ்ணையர் போன்றோரின் தமிழ்ப் பதங்களும் ஆடல் மகளிரின் வீடுகளில் செல்வமாகப் போற்றப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இரண்டாம் சரபோசி மன்னரின் காலத்தை ஒட்டி, தஞ்சை நால்வர் என்று அறியப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தோர் அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற நிகழ்ச்சி வரிசையை ஒழுங்குபடுத்தினர். அன்று சதிர் என்றும் சின்ன மேளம் என்றும் வழங்கிய இந்த ஆட்டத்தில் நட்டுவனாரும் முட்டுக்காரர் எனப்பட்ட மத்தளக்காரரும் சுருதிக்குத் துத்தி ஊதுபவரும் ஆடுபவருக்குப் பின்னாலேயே நின்று, அவர் நகரும்போது உடன் நகர்ந்தனர்.

பதத்தில் அபிநயம் பிடிக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தேவை. நாயகன் இன்னும் வரவில்லை என்று நாயகி தோழியிடம் சொல்லும் பொருளில் அமைந்த ஓர் அடியைப் பாடகர் எடுக்கிறார் என்று கொண்டால், முதல்முறை பாடும்போது ஆடுபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய கையைப் பிடிப்பார். இது பதார்த்த அபிநயம், அதாவது சொற்பொருளைக் காட்டுவது. மறுமுறை பாடும்போது சொற்களைப் பிரிக்காமல் அடியின் முழுக் கருத்தையும் ஒரு பார்வையிலும் ஒரு திரும்பலிலும் காட்டுவார், இது வாக்கியார்த்தம். அதற்குப் பிறகு பாடகர் அதே அடியைப் பல முறை, இராகத்தின் வெவ்வேறு சாயல்கள் தோன்றத் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் பாட்டில் இல்லாதவற்றைச் சொல்லத் தொடங்குவார். இதற்குச் சஞ்சாரி என்று பெயர். இரு பதாகைக் கைகள் எதிரெதிரே நின்று விலகக் கதவு திறக்கிறது. தெரு வெறுமையாக இருப்பதைக் கண் சொல்கிறது. அடுத்த முறை திரியைத் தூண்டுகிறாள், மாலை வாடியிருப்பதைக் காண்கிறாள். அடுத்த முறை காலடி ஓசை கேட்டுப் புருவம் உயர்ந்து, அது வேறொருவருடையது என்று அறிந்து தாழ்கிறது. அடுத்த முறை அவன் வந்தால் எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று தனியே ஒத்திகை பார்த்து, அந்தக் கோபம் பாதியிலேயே கரைந்துபோகிறது. பாட்டின் சொற்கள் தொடக்கத்தில் இருந்தவைதான்; அவை நம்பிக்கையையும் ஐயத்தையும் நாணத்தையும் சினத்தையும் மாறி மாறி ஏற்றுக்கொள்கின்றன.

பதாகை என்ற ஒரே கை மேகம், காடு, இரவு, ஆறு, அலை, தெரு, வாள், கதவு, வாழ்த்து எனப் பல பொருள்களுக்கு வரும் என்று அபிநய தர்ப்பணம் முதலான நூல்கள் கூறுவதும் இவ்விடத்தில்தான் விளக்கம் பெறுகிறது. கை தனித்து நிற்கும்போது அதற்குப் பொருள் உறுதியாவதில்லை. அது எழும் இடம், செல்லும் திசை, அதைப் பின்தொடரும் கண், அப்போது ஒலிக்கும் சுரம் ஆகியவை கூடித்தான் அது ஆறா வாளா என்பதைத் தீர்மானிக்கின்றன. முத்திரைகளின் பட்டியலை மனப்பாடம் செய்த ஒருவருக்கு நெடுங்கணக்கு தெரிந்துவிட்டது என்று சொல்லலாம். கவிதை அதற்கு வெகு தொலைவில் இருக்கிறது. காது கேளாதோர் பயன்படுத்தும் சைகைமொழி தன் இலக்கணத்தாலேயே எதையும் பேச வல்ல முழுமொழி என்பதால், அபிநயத்தை அதனோடு ஒன்றாக வைப்பதும் பொருந்தாது. அபிநயம் இசையையும் ஒரு பாடலின் அடியையும் பற்றிக்கொண்டு எழுந்து, அவை தொடாத இடத்துக்குச் செல்லும் கலை.

இத்தகைய சஞ்சாரிகளை அவையின் மனநிலைக்கு ஏற்ப அந்தந்த நேரத்தில் படைப்பதற்குப் பாடலின் மொழியும் இசையும் ஒருசேரக் கைவர வேண்டும். ஆடல் மகளிர் பலர் தாமே பாடிக்கொண்டு அபிநயம் பிடித்தனர். தமிழோடு தெலுங்கும் கற்றனர். பிள்ளைப் பருவம் முதல் வீட்டிலேயே இப்பதங்களைக் கேட்டு வளர்ந்தனர். அவர்களுடைய வாழ்க்கை பெருமையும் சிறுமையும் கலந்ததாக இருந்தது. பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கு உரியவர்களாக்கிப் பொட்டுக் கட்டும் வழக்கம், மன்னராட்சிகள் வீழ்ந்து மானியங்கள் சுருங்கிய பின், சிறுமிகள் பலரைச் சுரண்டலுக்கு உள்ளாக்கியது. 1890களில் சென்னை மாகாணத்தில் சதிருக்கு எதிரான இயக்கம் வலுத்தது. தாயின் வழியில் ஆடல் மகளிர் சமூகத்தோடு தொடர்புடைய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1927ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டுதலை ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அச்சமூகத்திலேயே வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் ஊர் ஊராகச் சென்று போராடினார். 1947ஆம் ஆண்டின் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்ததோடு, கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் குற்றமாக்கியது. ஒரு சிறுமியின் வாழ்வைப் பிறர் தீர்மானிக்கும் கொடுமையை ஒழித்த சட்டம் நியாயமானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. வழக்கத்தோடு சேர்த்து அப்பெண்களின் அறிவையும் இழிவாகப் பார்த்த சமுதாயம் செய்தது மற்றொரு கொடுமை. அதற்கு எந்தச் சட்டமும் ஈடு செய்யவில்லை.

இக்காலத்திலேயே கலை மேடை மாறியது. 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி ஆடல் மரபைச் சேர்ந்த கல்யாணியின் மகள்களுடைய ஆட்டத்தை ஏற்பாடு செய்தது. ஈ. கிருஷ்ணய்யர் முதலியோரின் முயற்சியால் சதிர் பரதநாட்டியம் என்ற பெயரில் நற்குடும்பத்தார் எனத் தம்மைக் கருதியவர்களின் அவைகளுக்குள் நுழைந்தது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் ஆடி, அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ராவை நிறுவினார். அவருக்கு அபிநயம் கற்பித்தவர்களுள் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சார்ந்த கௌரி அம்மாளும் ஒருவர். தஞ்சாவூர் பாலசரசுவதிக்கு அபிநயம் சொல்லிக்கொடுத்தவரும் அதே கௌரி அம்மாளே. காதற்சுவையாகிய சிருங்காரத்தைக் குறைத்துப் பக்தியை முன்னிறுத்த வேண்டும் என்ற ருக்மிணி தேவியின் நோக்கும், சிருங்காரமே அபிநயத்தின் உச்சம் என்ற பாலசரசுவதியின் நோக்கும் எதிரெதிரானவை என்று நாட்டிய உலகில் நெடுநாள் பேசப்பட்டது. அவ்விரு மரபுகளும் ஒரு கோயில் ஆடல் மகளின் கைகளிலிருந்து பெற்றுக்கொண்டவை என்ற உண்மைக்கு அந்தப் பேச்சில் உரிய இடம் தரப்படவில்லை.

பாலசரசுவதி (1918–1984) வீணை தனம்மாளின் பேத்தி. தாய் செயம்மாள் சிறந்த பாடகி. ஆசான் கந்தப்ப பிள்ளை தஞ்சை நால்வரின் வழிவந்தவர். ஏழு வயதில் பாலசரசுவதி காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். செயம்மாள் பாட, அவர் பிடித்த அபிநயத்தில் ஒரு பதத்தின் சஞ்சாரி முந்திய நாளில் வந்தவாறே மறுநாளும் வருவதில்லை என்பதைக் கண்டவர்கள் பதிவு செய்துள்ளனர். 1961இல் தோக்கியோவிலும் அதன்பின் அமெரிக்காவின் வெசுலியன் பல்கலைக்கழகத்திலும் ஆடியபோது தமிழோ தெலுங்கோ கன்னடமோ அறியாத அவையினர் அவர் முன் இருந்தனர். குழந்தையைக் கெஞ்சி அழைக்கும் தாயின் முகம் அவர்களுக்கு விளங்குவதற்குச் சொற்பொருள் தடையாக நிற்கவில்லை. 1976இல் சத்தியஜித் ராய் எடுத்த ‘பாலா’ என்ற ஆவணப்படம் அவருடைய ஆட்டத்தின் சில பகுதிகளைக் காத்துவைத்திருக்கிறது. ஆயினும் அவர் தம் வாழ்நாளில் ஆடியவற்றோடு ஒப்பிட அது மிகச் சிறிய பதிவு; அவருக்கு முந்திய தலைமுறைப் பெண்களின் அபிநயம் பெரும்பாலும் எந்தப் பதிவும் இன்றியே மறைந்தது.

இன்று பரதநாட்டியம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பரவியிருக்கிறது. சென்னையின் மார்கழிப் பருவத்திலும், யாழ்ப்பாணம், சிங்கப்பூர், தொரன்றோ ஆகிய ஊர்களிலும் பிள்ளைகள் ஆண்டுதோறும் அரங்கேறுகின்றனர். தாளத்தில் பிசகாத கால்கள் பெருகியுள்ளன. பதமோ நிகழ்ச்சியின் இறுதியில் சில நிமிடங்களுக்குச் சுருங்கி, ஆசிரியர் முன்கூட்டியே வகுத்த சஞ்சாரியை மாணவி வரிசை மாறாமல் ஒப்பிப்பதாகப் பெரும்பாலும் ஆகிவிட்டது. பெரிய மண்டபத்தின் பின்வரிசையில் இருப்பவருக்குப் புருவத்தின் அசைவு தெரிவதில்லை என்பதால் அசைவுகள் பெரிதாகின்றன. பெரிதாகும்போது அவை சொல்லுக்குப் படம் வரையும் நிலைக்கே இறங்கிவிடுகின்றன. பாடலின் மொழி தெரியாமலே அதற்கு அபிநயம் கற்கும் மாணவிகள் ஏராளம்.

இதனைச் சரிசெய்வது கடினமான காரியம் இல்லை. நாட்டியப் பள்ளிகள் ஒரு பதத்தைக் கற்பிக்குமுன் அதன் மொழியையும் இசையையும் கற்பிக்க வேண்டும். மாணவி அந்தப் பாட்டைத் தானே பாடும் அளவுக்குத் தேற வேண்டும். ஓர் அடியையேனும் அவளிடம் விட்டு, பாட்டில் இல்லாததை அவளே கண்டு சொல்ல இடம் தர வேண்டும். சிறிய அவைகளில், முகம் தெரியும் தொலைவில், பதங்களுக்கென்றே நிகழ்ச்சிகள் நடக்க வேண்டும். நிகழ்ச்சி அழைப்பிதழில் பாடலை இயற்றியவர் பெயரும் நட்டுவனார் பெயரும் இடம்பெறுவதுபோல், அந்தப் பதத்தின் அபிநயம் எந்தப் பெண்ணிடமிருந்து வழிவழியாக வந்தது என்பது தெரிந்தால் அவர் பெயரும் அச்சிடப்பட வேண்டும். தஞ்சைக் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செய்த இந்தப் பணியை இன்றைய சபாக்களும் பள்ளிகளும் செய்யாமல் இருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.